பார்மட் பண்ணிடலாம் சார்

மிக்சி கெட்டுப்போனால் எனக்குக் கவலை வருவதில்லை. மார்க்கெட் பக்கம் ஒருவர் இருக்கிறார். நம் கண்ணெதிரிலேயே கவிழ்த்துப் போட்டு நாலு திருகைக் கழற்றுவார். "கார்பன் தேஞ்சிருக்கு" என்று தேய்ந்த துண்டை எடுத்து நம் உள்ளங்கையில் வைப்பார். பக்கத்தில் புதுக் கார்பனையும் வைப்பார். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றினாலும் இப்படித்தான். எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி, இரண்டரை மைக்ரோ கன்டென்சர் ஒன்றை மாற்றிவிட்டு, பழையதை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். காசு கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரியும்.

கம்ப்யூட்டர் ரிப்பேரில் இந்த வழக்கமே கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று நாள் கழித்துப் போன் செய்தால், என்ன கோளாறு என்று நாம் கேட்டு முடிப்பதற்குள், "பார்மட் பண்ணிடலாம் சார்" என்பார்கள். காய்ச்சல், கால்வலி, கண்ணில் தூசி எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி போடும் வைத்தியர் மாதிரி.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் கம்ப்யூட்டரை ஓர்தினாத்தர் என்பார்கள். 1955இல் ஐ.பி.எம். கேட்டுக்கொண்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல். உலகத்தை ஒழுங்குபடுத்துகிற கடவுளைக் குறிக்கும் அடைமொழியாக அது முன்பே அகராதியில் இருந்ததாம். கடவுள் பெயரை வைத்துக்கொண்டு என் வீட்டில் அது ஒழுங்குபடுத்திய லட்சணத்தைத்தான் சொல்ல வந்தேன்.

என்னுடையது 2011இல் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய மேசைக் கம்ப்யூட்டர். முதலில் தேதி தவறியது. ஒவ்வொரு நாள் காலையிலும் பல வருஷம் பின்னால் போய் நின்றது. தேதி தப்பாக இருந்தால் பாங்கு, பென்ஷன் பக்கம் எதுவும் திறக்காது. இது மதர்போர்டில் உள்ள சட்டைப் பொத்தான் மாதிரியான பாட்டரியின் வேலை. சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம்; பெயரிலேயே அளவு இருக்கிறது. அதை நானே மாற்றினேன். அடுத்த மாதம் பெட்டி மூன்று தடவை கூவிவிட்டு நின்றது. ராமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் அதன் பொன்னிறப் பல்லைத் தேய்த்துப் பொருத்தினேன். ஓடியது. "இனிமே மிக்சியையும் நீங்களே பாத்துடுங்க" என்றாள் வீட்டுக்காரி. மூன்றாவது முறை ரப்பருக்கும் மசியவில்லை. கடைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

அந்தப் பெட்டிக்குள் என் அண்ணனின் முப்பத்தொரு கடிதங்கள் இருந்தன.

1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. அப்பா கொடுக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பதினெட்டு ஆகாதவனுக்கு அப்பா முடிவுதான். அண்ணனுக்கு இருபது. அவர் தனியாகப் போய் எழுதிக் கொடுத்தார், பட்டாளத்தில் சேர்ந்தார், சொல்தா ஆனார். ஓய்வுபெற்று பாரிசுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டார். லா ஷாப்பேல் பக்கம் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அவருக்குப் பாமினி எழுத்துருவைப் போட்டுக் கொடுத்து, தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுத்தார். எழுபதாவது வயதுக்கு மேல் மாதம் ஒன்றாக எனக்கு எழுத ஆரம்பித்தார். எங்கள் வீதி, வீட்டுக் கிணறு, அம்மாவின் கருவாட்டுக் குழம்பு, எல்லாம். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது.

அவர் மகளுக்குத் தமிழ் வராது. அப்பா என்ன எழுதினார் என்று பிரெஞ்சில் எழுதித் தரும்படி போன வருஷம் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் இரண்டும் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். எனக்கு எழுபத்தைந்து. பத்தொன்பது கடிதம் முடித்து அனுப்பியிருந்தேன்.

கடைத் தம்பி, "பார்மட்" என்றதும் நான் ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன். எங்கள் அலுவலகத்தில் பழைய கோப்பை அழிக்க வேண்டுமானால் பட்டியல் போட்டு, அதிகாரி கையெழுத்து வாங்கி, அதற்கென்று உள்ள பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு டீக்கடை பில்லைக் கூட அப்படியே கிழித்துப் போட்டுவிட முடியாது. இங்கே பன்னிரண்டு வருஷத்துக் குடும்பத்தை இருபது நிமிஷத்தில் துடைத்துவிடுகிறேன் என்கிறான் பையன். தாளில், "டி டிரைவைத் தொடக்கூடாது" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துக் கேட்டேன். சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டான். இரண்டு பிரதி.

நாலாம் நாள் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினான். பாஸ்வேர்டு அடித்தான், ஏற்கவில்லை. மறுபடி அடித்தான். மூன்றாவது தடவை, "கீபோர்டு போச்சு சார், புதுசு நானூறு ரூபா" என்றான். கீபோர்டுக்கு ஒன்றும் இல்லை. அது அண்ணன் மகள் பிரான்சிலிருந்து அனுப்பியது. அதில் 'ஏ' அச்சாகியிருக்கும் சாவி, நம் ஊர்க் கீபோர்டில் 'க்யூ' இருக்கும் இடம். 'எம்' இருக்கும் இடத்தில் நமக்கு அரைப்புள்ளி. அவன் போட்டுக் கொண்டுவந்த விண்டோசுக்கு அது பிரெஞ்சுக் கீபோர்டு என்று தெரியாது. அவன் சாவியைப் பார்த்து 'அட்மின்' என்று அடிக்க, உள்ளே போனது வேறு. தள்ளி உட்காரச் சொன்னேன். கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, முப்பது வருஷம் அலுவலக ரெமிங்டனில் அடித்த விரலால் அடித்தேன். திறந்துகொண்டது. தம்பி என்னையும் கீபோர்டையும் மாறி மாறிப் பார்த்தான். வீட்டுக்காரி அவனுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். பாவம், நல்ல பையன்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

டி டிரைவ் அப்படியே இருந்தது. ஆனால் அண்ணனின் கடிதத்தைத் திறந்தால் தமிழ் இல்லை. 'அம்மா' என்று இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. "பைல் கரப்ட் சார், டெலிட் பண்ணிடலாம்" என்று மவுசை எடுக்கப் போனான். மவுசை நான் பிடித்துக்கொண்டேன்.

அது கெட்டுப்போன கோப்பு இல்லை. யூனிகோடு பரவலாவதற்கு முந்திய எழுத்துருக்கள் இப்படித்தான். உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்து. அதன்மேல் தமிழ் உருவத்தைச் சட்டை மாதிரி போர்த்தியிருப்பார்கள். சி டிரைவைத் துடைத்ததில் சட்டை போய்விட்டது. அண்ணன் அனுப்பிய முதல் மெயிலிலேயே எழுத்துருவையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அதே கோப்புறையில் கிடந்தது. இரண்டு தட்டுத் தட்டி நிறுவினேன். வேர்டை மூடித் திறந்தேன். 'அன்புள்ள தம்பிக்கு' என்று வந்தது. கடைத் தம்பி, "இது தமிழா சார்?" என்றான்.

அன்று இரவே யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினேன். மாற்றிக் கொடுக்கும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடுத்து அடிக்க வேண்டும், யூனிகோடில் அது தலைகீழ். அண்ணன் அவசரத்தில் விட்ட இடத்திலெல்லாம் கொம்பு எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு வரியாகப் பார்த்தால்தான் சரியாகும். பார்த்தேன். இருபதாவது கடிதத்தில் அந்த 1962ஆம் வருஷத்து விஷயம் வருகிறது. எழுதிக் கொடுக்கப் போன அன்று வெயில் கடுமையாம். அப்பா கூடவே போயிருக்கிறார். உள்ளே வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த அண்ணனுக்குக் குடையைப் பிடித்தபடி வீடு வரைக்கும் வந்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். அப்பாவுக்குத் தெரியாமல் போய்க் கொடுத்துவிட்டான் என்றுதான் அம்மா எங்களிடம் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு பக்கத்தை பிரெஞ்சில் எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அனுப்பிவிட்டேன். இன்னும் பதினொன்று இருக்கிறது.

இதற்கிடையில் முப்பத்தொன்றையும் தாளில் அச்செடுத்து, துளை போட்டு, டேக் நூல் கோத்து, மேலட்டையில் எண் எழுதி வைத்துவிடலாம் என்று தாள் வாங்கி வந்தேன். பிரிண்டரில் நீல மசி தீர்ந்துவிட்டதாம். அதனால் கறுப்பிலும் அச்சடிக்காதாம். நாளைக் காலை பதினோரு மணிக்கு அதற்கென்று ஒரு தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.