வகுப்பறைக்கும் மதிப்பெண் உண்டு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் எழுந்து போனாலும் பரவாயில்லை, அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேன்.

சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவி ஒருத்தி நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு லிங்க் அனுப்பி, "டீச்சர், நேரம் கிடைக்கிறப்போ பாருங்க" என்று எழுதியிருந்தாள். அங்கே லோசான் என்ற ஊரில் வருஷா வருஷம் ஜனவரிக் கடைசி, பிப்ரவரித் தொடக்கத்தில் நடக்கும் இளையோர் பாலே போட்டி அது. பெயர் 'பிரீ த லோசான்'. பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் ஜப்பான், கொரியா, சீனா, பிரேசில், அமெரிக்கா என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஒரு வாரம் நடக்கிறது. வகுப்பு, பயிற்சி, இறுதிச் சுற்று எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகவே காட்டுகிறார்கள். அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பகல் ஒன்றரை. சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்து உட்கார சரியான நேரம். அன்று பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு பாலே தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவள். பிள்ளைகள் குதிப்பதும் சுழல்வதும் கண்ணுக்கு அழகுதான். ஆனால் நான் உற்றுப் பார்ப்பது எதிரே மேஜை போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை. மதிப்பெண் போடுகிறவர்களை. அது நம் தொழில் இல்லையா!

வழக்கமாக ஒன்பது நடுவர்கள். பெரும்பாலும் முன்னாள் நடனக் கலைஞர்கள், நடனக் குழுக்களின் இயக்குநர்கள், பாலே பள்ளிகளின் தலைவர்கள். அவர்களில் சிலர் தங்கள் சின்ன வயதில் இதே போட்டியில் ஆடிப் பரிசு வாங்கியவர்கள்.

அவர்கள் மார்க் போடும் முறைதான் என்னைக் கட்டிப் போட்டது. மொத்தம் நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஆடும் மரபு நடனத்துக்கு இருபத்தைந்து. மேடையில் ஆடும் நவீன நடனத்துக்கு இருபத்தைந்து. மீதி ஐம்பது வகுப்புக்கு! மரபு பாலே வகுப்பில் இருபத்தைந்து, நவீன நடன வகுப்பில் இருபத்தைந்து. இறுதிச் சுற்றுக்குப் போகும் ஏறத்தாழ இருபது பேரை இந்த நான்கையும் கூட்டித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மேடை நடனம் என்பது பழைய பெரிய பாலே நாடகங்களிலிருந்து எடுத்த ஒன்றிரண்டு நிமிடத் தனி ஆட்டம். போட்டிக்காரர்கள் கொடுக்கும் பட்டியலிலிருந்து பிள்ளைகள் தேர்ந்துகொள்ள வேண்டும். அப்படி எடுத்தாளப்படுவதில் 'லா பயதேர்' என்று ஒன்று உண்டு. 1877இல் ரஷ்யாவில் அரங்கேறியது. நம் நாட்டுக் கோயில் நடனப் பெண்ணின் கதை என்று அவர்களாகக் கற்பனை செய்தது. கோயில் வரும், ராஜா வருவார், பூக்கூடையிலிருந்து பாம்பு வந்து கடிக்கும். நம் அடவு மட்டும் வராது! போகட்டும். இப்படி ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில், சில பிள்ளைகள் வருஷக்கணக்கில், ஊரிலேயே பழகிக்கொண்டு வருகிறார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் தெரிவது பாதி பிள்ளையின் திறமை, பாதி அதன் குருவின் உழைப்பு.

வகுப்பில் அந்தக் கதை நடக்காது. ஓரத்தில் ஒருவர் பியானோ வாசிக்கிறார். பிள்ளைகள் மார்பில் எண் குத்திக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்கிறார்கள். வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒரு வரிசை அசைவுகளை ஒரே ஒரு தரம், அதுவும் பாதி கையாலேயே, காட்டுகிறார். உடனே செய்ய வேண்டும். முன்கூட்டிப் பழகியது எதுவும் உதவாது. நடுவர்கள் வாயே திறப்பதில்லை. பார்க்கிறார்கள், குனிந்து எழுதுகிறார்கள்.

ஒரு வருஷம் ஒரு பையன். வலப்பக்கம் செய்யும்போது தோள் தூக்கிக்கொண்டு நின்றது. ஆசிரியர் கடந்து போகிற போக்கில் இரண்டு விரலால் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அடுத்து இடப்பக்கம். தோள் இறங்கியிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. கைத்தட்டல் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பையன் அந்த நொடியில் ஒரு பாடம் கற்றுக்கொண்டான். அதைப் பார்க்கத்தான் அத்தனை பெரிய மனிதர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு நம் லேப் ஞாபகம் வந்தது. ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வில் சால்ட் அனாலிசிஸ். உள்ளே என்ன சால்ட் என்று லேப் அட்டெண்டரிடம் கண்ஜாடையில் கேட்டு வாங்கியவர்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். சிரிக்க வேண்டாம்! விடை சரியாக இருந்தாலும் முழு மார்க் ஏன் வரவில்லை என்று அப்போது கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான். சோதனைக்குழாயை எப்படிப் பிடிக்கிறாய், அமிலத்தை எப்படித் துளித்துளியாக விடுகிறாய், முதல் சோதனை தப்பினால் பதறாமல் அடுத்ததற்கு எப்படிப் போகிறாய், எல்லாம் மேஜையைச் சுற்றி வரும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். விடை அன்றைக்கு மட்டும். கை வாழ்நாளுக்கும்.

அந்தப் போட்டியின் விதியிலேயே இது இருக்கிறது. இன்றைக்கு எவ்வளவு நன்றாக ஆடுகிறது என்பதை மட்டும் பார்க்காமல், நாளைக்கு இந்தப் பிள்ளை தொழில்முறைக் கலைஞராக வளருமா என்று நடுவர்கள் பார்க்க வேண்டும். நுட்பத் தேர்ச்சி பல அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. இசைக்கு எப்படிச் செவி சாய்க்கிறது, துணிச்சல் இருக்கிறதா, தனக்கென்று ஒரு குணம் இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். நாற்றங்காலில் நிற்கிற விவசாயி நெல்மணியையா எண்ணுவார்? வேரைத்தான் பார்ப்பார்.

பரிசும் அதற்கேற்ற மாதிரிதான். பெரிய கோப்பை, கார் சாவி எல்லாம் கிடையாது. லண்டன், ஹாம்பர்க், ஸ்டுட்கார்ட், மொனாக்கோ போன்ற இடங்களில் உள்ள பெயர் பெற்ற பள்ளிகளில் ஒரு வருஷப் படிப்பு, இல்லையென்றால் ஒரு நடனக் குழுவில் ஒரு வருஷப் பயிற்சி. ஜெயித்தவனுக்குப் பரிசு, இன்னும் படிக்கலாம் என்பது! நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் ஓடிவிடுவார்கள்.

இதை 1973இல் தொடங்கியவர் பிலிப் பிரான்ஷ்வைக் என்ற சுவிஸ் தொழிலதிபர். கடிகாரத் தொழிலில் இருந்தவர். அவர் மனைவி எல்விர் ஒரு நடனக் கலைஞர். திறமை இருந்தும் நல்ல பள்ளிக்குப் போகப் பணமில்லாத பிள்ளைகளுக்கு வழி செய்ய வேண்டும் என்று இருவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள்.

அதே 1973இல் கியூபாவின் ஹவானாவில் ஒரு லாரி டிரைவருக்குப் பதினோராவது பிள்ளையாக ஒரு பையன் பிறந்தான். கார்லோஸ் அகோஸ்டா. தெருவில் சுற்றிக் கெட்டுப்போய்விடுவானோ என்று பயந்து அவன் அப்பா அவனை பாலே பள்ளியில் சேர்த்தார். அவனுக்கோ கால்பந்தில்தான் ஆசை. 1990இல் லோசானில் தங்கப் பதக்கம் வாங்கியபோது வயது பதினாறு. பிறகு லண்டன் ராயல் பாலேயின் பெரிய நட்சத்திரமானார். 2019இல் அதே போட்டிக்கு நடுவர் குழுத் தலைவராக வந்து உட்கார்ந்தார். எதிரே நிற்கும் பிள்ளையின் கால் ஏன் நடுங்குகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, இதையெல்லாம் நான் ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

என் தங்கையின் பேத்தி. வயது பதின்மூன்று. ஆறு வருஷம் பரதம் கற்றவள். நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவள் ஆடிப் பார்த்திருக்கிறீர்கள். போன வருஷம் ஒரு போட்டியில் ஆடி முடித்து மூச்சு வாங்க நின்றவளிடம் நடுவர் ஒருவர் மைக்கிலேயே, "உடம்பைக் குறைச்சுட்டு வாம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவள் சலங்கையைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். இன்று வரை எடுக்கவில்லை. சாப்பாட்டையும் குறைத்துவிட்டாள். அதுதான் எங்களுக்கு வயிற்றில் நெருப்பு. (அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "பேர் போடாதீங்க பெரிய பாட்டி" என்றாள். போடவில்லை.)

"அந்தக் காலத்தில் டீச்சர் எங்களையும்தான் திட்டினார்கள், நாங்கள் தாங்கவில்லையா" என்று குடும்பக் குழுவில் ஒருவர் எழுதினார். "கலை என்றால் உடம்பும்தானே, உள்ளதைச் சொன்னார்" என்று இன்னொருவர். இரண்டாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பாலே உலகம் உடம்பு விஷயத்தில் நம்மைவிடக் கறார். லோசானிலும் உடல் இந்தக் கலைக்குப் பொருந்துமா என்பது ஒரு அளவுகோல்தான். இடுப்பு திரும்புகிறதா, பாதம் வளைகிறதா என்று பார்க்கத்தான் செய்கிறார்கள். ஒல்லியாக இருக்க வேண்டும் என்று பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட பெண்கள் அந்தத் துறையில் எத்தனையோ பேர்.

அதனால்தான் அங்கே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். போட்டிக்கு வரும் பிள்ளையின் உடல்நல விவரங்களை முன்கூட்டியே வாங்கி மருத்துவர் பார்க்கிறார். அவர் கவலைப்படுவது குண்டாக இருக்கிறதா என்று அல்ல, அளவுக்கு மீறி மெலிந்திருக்கிறதா என்று. உடம்பைப் பற்றிய பேச்சு டாக்டரின் காகிதத்தில் நடக்கிறது. நடுவரின் கருத்து மதிப்பெண் தாளில் இருக்கிறது. மைக்கில் எதுவும் இல்லை. கறாராக இருப்பது வேறு, கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெண்குழந்தையை நிறுத்திச் சிரிக்க வைப்பது வேறு. முதலாவது தொழில். இரண்டாவதற்கு நான் பெயர் சொல்லப் போவதில்லை.

தோற்றவர்கள் என்ன ஆகிறார்கள் என்றும் பார்த்தேன். எண்பது பேர் வந்தால் அறுபது பேர் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியே. அழுகிறார்கள், கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் உடனே ரயில் ஏற்றி அனுப்பிவிடுவதில்லை. வந்திருக்கும் பள்ளித் தலைவர்களும் குழு இயக்குநர்களும் அந்தப் பிள்ளைகளைச் சந்திக்கத் தனியாக ஒரு ஏற்பாடு உண்டு. இறுதிக்குப் போகாமலே, அங்கிருந்தே நல்ல பள்ளியில் இடம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "உனக்குப் பரிசு இல்லை" என்ற வார்த்தையோடு "உன்னை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்ற வார்த்தையும் ஒரே கட்டடத்துக்குள் கிடைக்கிறது.

அங்கே எல்லாமே நேர்த்தி, இங்கே எல்லாமே குறை என்று சொல்ல வரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பாரம்தான். அவ்வளவு தூரம் வந்து இரண்டு நிமிடத்தில் கால் இடறினால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறும். நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. மதிப்பெண் போடுகிறவன் அந்தப் பிள்ளையை நாளைக்கு வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியவனாக இருந்தால், அவன் பார்வையே மாறிவிடுகிறது. நாளை அவன் வகுப்பில் வந்து நிற்கப்போகிற பிள்ளையை இன்று யாராவது அவமானப்படுத்துவார்களா?

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். சிலர் தலைமை ஆசிரியர்கள். பள்ளி விழா, வட்டாரப் போட்டி, கோயில் திருவிழா மேடை என்று நடுவராக உட்காரக் கூப்பிடுவார்கள். போங்கள், மறுக்காதீர்கள். ஆனால் மூன்று விஷயம் டீச்சருக்காகச் செய்யுங்கள். முடிந்தால் போட்டிக்கு முன் பிள்ளைகள் ஒத்திகை பார்க்கும் இடத்தில் அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள். மைக்கில் பாராட்டை மட்டும் சொல்லுங்கள், திருத்தத்தைத் தாளில் எழுதிப் பிள்ளை கையிலோ அதன் குரு கையிலோ கொடுங்கள். உடம்பு, நிறம், உயரம், இந்த மூன்றையும் வாயில் எடுக்காதீர்கள்.

பெற்றோராக இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. பிள்ளை போட்டியிலிருந்து வந்ததும் "என்ன பிரைஸ்?" என்று கேட்காமல், "இன்னைக்குப் புதுசா என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டுப் பெண்ணை ஆடு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தவும் கூடாது. முதலில் நன்றாகச் சாப்பிடட்டும். குழந்தைகள் நல மருத்துவரிடம் அவள் அம்மா கூட்டிப்போய் வருகிறாள். போன பிப்ரவரியில் என்னோடு உட்கார்ந்து அந்த வகுப்புகளை இரண்டு நாள் பார்த்தாள். "பெரிய பாட்டி, இவங்க தப்பு பண்ணினா யாரும் சிரிக்கலையே?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம் எல்லோரும்தான்.

அடுத்த பிப்ரவரியில் நேரம் கிடைத்தால் நீங்களும் பாருங்கள். இறுதிச் சுற்றை விட்டால்கூடப் பரவாயில்லை. வகுப்பு நாட்களை விடாதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்