மகாவலிக் கரையில் ஒரு கம்பளிச் சதுரம்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகைவண்டி கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து பேராதனையை அணுகும்போது, மார்கழி மாதமாயின் சாளரத்தைச் சாத்துவோரே மிகுதி. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 அடி உயரத்திலிருக்கும் இவ்வூரின் குளிர், நுவரெலியாக் குளிரைப் போலப் பல்லைக் கிட்டச் செய்வதில்லை. மாலையில் மகாவலிப் பக்கமிருந்து மெல்லென எழுந்து தோளைத் தொடும். போர்த்துக்கொள்ள ஏதேனும் இருந்தால் இனிது. கையிலே கம்பளி நூலும் இரண்டு பின்னல் ஊசிகளும் கொண்டு வருவோருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

பேராதனைத் தாவரவியற் பூங்காவை மூன்று புறமும் மகாவலி வளைத்து ஓடுகின்றது. 1821ஆம் ஆண்டில் அமைந்த அப்பூங்காவின் அழகைப் பலரும் எழுதிவிட்டனர். நாம் அதனைக் கடந்து ஆற்றங்கரைக்குச் செல்வோம். இங்கே 1833இல் முதிரை மரத்தால் ஒரே வளைவாகக் கட்டிய பாலமொன்று இருந்தது. ஆணியின்றியே மரத்தை மரம் தாங்குமாறு இணைத்திருந்தார்கள். 1905இல் அது அகற்றப்பட்டு இரும்புப் பாலத்துக்கு இடங்கொடுத்தது. கண்ணியைக் கண்ணி தாங்கி நிற்கும் பின்னல் வேலையில் ஈடுபட்டவர்களுக்கு அப்பாலத்தைக் காணக் கிடையாமற் போனது ஒரு குறைதான்.

பூங்காவின் எதிர்க்கரையிலுள்ள கன்னொருவையில் ஆளுநர் எட்வர்ட் பாண்ஸ் 1820களில் கோப்பித் தோட்டம் அமைத்தார். பின்னர் மலைநாடெங்கும் கோப்பி பரவியது. தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய நம்மவர், காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து இம்மலைகளை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். வெயிலுக்குப் பழகிய அம்மக்களுக்கு இங்கே முதலில் வேண்டியிருந்தது கம்பளி. தோட்டத்திலே கம்பளி கிடைத்தது; ஆனால் அதன் விலை அவர்கள் பெயரிற் பற்றாக எழுதப்பட்டது. அரிசிக் கடனும் வழிச் செலவும் கம்பளியும் சேர்ந்து கணக்கு வளரும். ஒருவரின் கடனைக் காட்டும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், அப்புதிய துரை துண்டிலே கண்ட தொகையைக் கட்ட வேண்டும். 1921இலேதான் அம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. குளிரைத் தடுத்த கம்பளியே காலைக் கட்டும் கயிறுமாயிற்று!

இந்த வரலாற்றை அறிந்த ஒருவர், விலை கேளாது கணக்கெழுதாது முன்பின் அறியாதவருக்குப் போர்வை பின்னி அனுப்புவோரைப் பற்றிக் கேள்விப்பட்டால் நெஞ்சு நெகிழாதிருக்க முடியுமா? தென்னாபிரிக்காவின் ஆதரவற்ற குழந்தைகளுக்காகப் பல தேசத்துப் பெண்களும் எட்டங்குலச் சதுரங்களைப் பின்னி அனுப்புகிறார்கள். 35 சதுரங்களை இணைத்தால் ஒரு குழந்தைப் போர்வை. சென்னையிலே 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி, ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்னும் குழுவினர் தாம் கொக்கி ஊசியாற் பின்னிய போர்வைகளை ஒன்றாக இணைத்து விரித்தபோது 11,148.5 சதுர மீற்றர் பரப்பு இருந்தது. கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. பின்னர் அவற்றைப் பிரித்துக் குளிரில் வாடும் ஏழைகளுக்கு வழங்கினார்கள். சாதனையைக் காட்டிலும் அப்படிப் பிரித்ததே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சதுரம் பின்னுவதென்றால் அதிலே எந்தக் கோலத்தை இடுவது? பேராதனைவாசிகள் அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கண்டி நகரைத் தாண்டிக் குண்டசாலை வழியாக மெனிக்கின்னப் பக்கம் சென்றால், தும்பறை நெசவு செய்யும் குடும்பங்களைக் காணலாம். முன்னாளில் கின்னரர் என்னும் சமூகத்தார் மரல் நாரைச் சீவி, சாயமேற்றி, அரச மாளிகைக்கு வேண்டிய பாய்களை நெய்தனர். பதிமுக மரத்திலிருந்து சிவப்பும், மரமஞ்சளிலிருந்து மஞ்சளும் எடுத்தனர். இத்துணைக் கைத்திறன் வாய்ந்தவர்களைச் சாதி ஒழுங்கிலே மிகத் தாழ்ந்த படியில் வைத்திருந்தார்கள் என்பது வேதனைக்குரியது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது பெருநூலிலே இந்நெசவைச் சிறப்பித்து எழுதினார். அவருடன் கண்டி நாட்டிலே உலாவிய மனைவியார் எதெல், பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற கைந்நெசவாளராக விளங்கினார். 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் தும்பறைப் பாய்க் கலையை மானிட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

தும்பறைக் கோலங்களிற் சாய்சதுரமே எமக்கு மிகவும் பிடித்தது. பெரிய சாய்சதுரத்துக்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது. இது வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். இரு நிற நூல் கொண்டு பின்னும்போது, ஒரு நிறம் முகப்பிலே வேலை செய்ய மற்றது முதுகுப்புறத்திலே சும்மா ஓடும். ஐந்து கண்ணிகளுக்கு மேல் அவ்வாறு ஓடவிட்டால் பின்னால் நீண்ட இழை தொங்கும். போர்த்துக்கொள்ளும் குழந்தையின் விரல் அதிலே சிக்கும். சாய்சதுரத்துக்குள் சாய்சதுரம் அமைத்தால் நிறம் அடிக்கடி மாறுவதால் அந்த இடர் தானே நீங்கிவிடுகிறது.

நடுத்தரக் கனமுள்ள நூலும் 4 மில்லிமீற்றர் ஊசியும் எடுத்தால் எட்டங்குலத்துக்கு 44 கண்ணிகள் போதும். ஓரம் சுருளாதிருக்க, பக்கத்துக்கு நான்கு கண்ணிகளை எல்லா வரிசையிலும் முன்கண்ணியாகவே பின்னுக. எஞ்சிய 36இல், 12 கண்ணிகள் கொண்ட கோலம் மூன்று முறை வரும். கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் கண்ணியின் உயரம் அகலத்திலும் குறைவாதலால், தாளிலே அழகாக நின்ற கோலம் பின்னலிலே சற்றுத் தட்டையாகும். ஆகவே தாளில் இரண்டொரு வரிசை கூட்டி வரைக. பின்னால் ஓடும் நூலை இறுக்கினால் சதுரம் ஏழங்குலமாகச் சுருங்கிவிடும். தளர்த்தி விடுங்கள், நூல் துணியோடு கிடக்கட்டும்.

ஆட்டு மயிர் நூலா, செயற்கை நூலா என்று மாணவியர் கேட்பதுண்டு. கம்பளி நனைந்தாலும் சூடு தரும். ஆனால் வெந்நீரில் அலசினாற் சுருங்கித் தடித்துப் போகும். பெறுகின்ற தாய்க்கு அதைப் பதமாய் அலசி நிழலில் உலர்த்த நேரமிருக்குமோ என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சாயம் போகும் நூலை மட்டும் எக்காரணத்தாலும் சேர்க்கக் கூடாது. ஒருவரின் சிவப்பு மற்றவர்கள் பின்னிய 34 சதுரங்களையும் கெடுத்துவிடும்.

கண்ணிகளை முடித்ததும் நூலை ஒட்ட நறுக்கிவிடாமல், இணைக்கப் போகிறவர்களுக்கென ஒரு முழ நீளம் விட்டு வையுங்கள்.