"நம்மட சாமான் ஒண்டும் இல்லியா சேர்?"



தரம் 10 பிள்ளைகளோடு கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய் வந்தோம். கல்முனையிலிருந்து இரவு பஸ். தூக்கக் கலக்கத்தோடுதான் உள்ளே நுழைந்தோம்.

தொலுவில புத்தர் சிலை, பொலன்னறுவையின் வெண்கல நடராசர், 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த கண்டி மன்னரின் சிம்மாசனம். பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்தார்கள். அப்போதுதான் ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "இதுக்குள்ள நம்மட சாமான் ஒண்டும் இல்லியா சேர்?"

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூட நாளில் நானும் இதே கேள்வியோடுதான் இங்கிருந்து திரும்பினேன். வாய்விட்டுக் கேட்கத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான்.

எல்லோரையும் காலி மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் கூட்டிப்போனேன். சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்தது; 1409ஆம் ஆண்டுக்குரியது. அவரும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீன மொழியில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு என்று ஒரே கல்லில் மூன்று காணிக்கைகள். 1911இல் காலியில் வடிகானை மூடிய கல்லாகக் கிடந்து எடுக்கப்பட்டது.

"மகள், இன்னொண்டும் இருக்கு. நீங்க நிக்கிற இந்தக் கட்டடம்."

ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் இதைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார். 1877இல் திறந்தபோது, "உமக்கு என்ன வேண்டும்?" என்று ஆளுநர் கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்றாராம் மரிக்கார். நெடுங்காலம் வெள்ளியில் இது மூடியே இருந்தது.

ஒரு பையன் சுவரைத் தொட்டுப் பார்த்தான். நான் தடுக்கவில்லை.

திரும்பி வரும்போது அதே மாணவி பஸ்ஸில் சொன்னாள்: "எங்கட வாப்பும்மாட பித்தளை வட்டா சுனாமியோட போயிட்டாம் சேர்." பிறகு ஒவ்வொரு பிள்ளையும் சொல்லத் தொடங்கியது. படிக்கம், கைத்தறி, மூத்தப்பா ஓதிய கிதாபு. கடல் கொண்டுபோனது பாதி. மிச்சத்தைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்தது நாம்தான். என் உம்மாவின் செம்புக் கிடாரத்தை விற்றவன் நான். யாரைக் குறை சொல்ல?

வகுப்பறையில் ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறோம். பெற்றோரே, வீட்டில் பழைய சாமான் ஏதும் இருந்தால் ஒரு வாரத்துக்குப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அது யாருடையது என்ற கதையையும் சொல்லி அனுப்புங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு.

விற்க முன் ஒரு தரம் பிள்ளைக்குக் காட்டுங்கள்.