கப்பல் ஓடுகிறதா, கடல் ஓடுகிறதா?



பேருந்தில் போகிறோம், சாலை அசைவதில்லை. இரயிலில் போகிறோம், தண்டவாளம் இடம் பெயர்வதில்லை. ஆனால் கப்பலில் ஏறிவிட்டால் நிலைமையே வேறு. கப்பலைத் தாங்கும் சாலையும் சேர்ந்து நகர்கிறது! ஒரு வேளை முன்னே தள்ளுகிறது. மறு வேளை பின்னே இழுக்கிறது. இதை அறிந்துகொண்டு பயணம் செய்தால், மேல்தளத்தில் நின்று கடலைப் பார்ப்பதில் இரட்டிப்பு இன்பம் உண்டு.

உல்லாசக் கப்பல் என்றால் பணக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்த காலம் போய்விட்டது. எங்கள் தோட்டத்தில் ஐந்து குடும்பங்கள் மாதந்தோறும் கூட்டுப் பணம் சேர்த்து, பள்ளி விடுமுறையில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தோம். எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவரும் எங்களோடு வந்தார். அந்தப் பயணத்தில் கண்டதையும், அதையொட்டிப் படித்தறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏறுமுன் பார்க்க வேண்டியது

இண்டா தீவில் உள்ள கப்பல் முனையத்துக்கு நண்பகலிலேயே போய்ச் சேர்ந்தோம். மாலை ஆறு மணிக்குக் கப்பல் புறப்படும் என்றால், ஆறு மணிக்குப் போனால் போதும் என்று எண்ணாதீர்கள். பெட்டிகளுக்கு அடையாளச் சீட்டுக் கட்டி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். குடிநுழைவுச் சோதனை உண்டு. படம் எடுத்து ஓர் அட்டை தருவார்கள். அந்த அட்டைதான் அறைச் சாவி. அதுவே உங்கள் அடையாளமும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஏறும் வழியை மூடிவிட்டார்கள்.

ஐந்து குடும்பங்கள் போனோம் என்றேன், ஏறியது நான்குதான். ஒரு பிள்ளையின் பாஸ்போர்ட் முடிய மூன்று மாதமே இருந்தது. வெளிநாட்டுத் துறைமுகம் செல்லும் பயணத்துக்கு ஆறு மாதமாவது இருக்க வேண்டும். பெரியவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர்கள், சிறுவனுடையதைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். "நீங்க போயிட்டு வாங்க, நான் புள்ளையோட வீட்டுக்குப் போறேன்" என்றார் தாய். "போனா எல்லாரும், இல்லாட்டி யாரும் வேணாம்" என்று தந்தை சொல்லிவிட்டார். பதினெட்டு மாதம் சேர்த்த பணம்! திரும்பக் கிடைக்கவில்லை. பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் அன்றே, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் எடுத்து முடியும் தேதியைப் பாருங்கள். முதலில் பிள்ளைகளுடையதைப் பாருங்கள்.

அன்று ஏறியதும் இன்று ஏறுவதும்

கண்ணாடிச் சுவர் வைத்த பாலத்தில் பாட்டி மெதுவாக நடந்தார். "இதுதான் கப்பல்ல ஏறுறதா?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் முதன்முதலாகக் கப்பலில் ஏறியது 1950-ஆம் ஆண்டில், எட்டு வயதுச் சிறுமியாக, நாகப்பட்டினத்தில். ஏறிய கப்பல் 'ராஜுலா'.

நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்காத பெயர் அது. கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு 1926-இல் ஓடத் தொடங்கிய ராஜுலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று 1973 வரை, நாற்பத்தேழு ஆண்டுகள் நம்மவர்களைச் சுமந்தது. நாகப்பட்டினத்தில் அது கரையை அணையாது. ஆழம் போதாததால் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும்.

"அலை படகைத் தூக்கும். தூக்குற அந்த நேரத்துல ஏணியைப் பிடிச்சிடணும். விட்டா படகு கீழே போயிடும். எங்கம்மா தம்பியைச் சேலையால முதுகில கட்டிக்கிட்டு ஏறினாங்க" என்றார் பாட்டி. அறை கிடையாது. தளத்தில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கை. அதற்குத்தான் தளப் பயணம் என்று பெயர்.

ஏழு குறும் ஒலி, ஒரு நெடிய ஒலி

கப்பல் புறப்படுமுன் ஆபத்துக்கால ஒத்திகை நடக்கும். ஏழு குறுகிய ஊதல், பிறகு நீண்ட ஊதல் ஒன்று. அது கேட்டதும் அவரவர் குறிக்கப்பட்ட இடத்துக்குப் போய், உயிர்காப்பு அங்கியை அணியும் விதத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். சிலர் இதை வீண் வேலை என்று அறையிலேயே இருக்கப் பார்ப்பார்கள். அது கூடாது. 2012 ஜனவரி 13-ஆம் நாள் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கோர்டியா' என்னும் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டனர். அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே ஒத்திகை நடந்தாக வேண்டும் என்னும் விதி 2015 முதல் உலகெங்கும் நடப்புக்கு வந்தது.

வேகத்துக்கு ஏன் முடிச்சு?

வடங்கள் அவிழ்ந்தன. துறைமுக வழிகாட்டியான பைலட் கப்பலை வெளிக் கடலுக்குக் கொண்டு சென்று விட்டுவிட்டு, சிறு படகில் இறங்கித் திரும்பினார். அறையிலிருந்த தொலைக்காட்சியில் கடல் வரைபடமும் கப்பலின் வேகமும் தெரிந்தன: 13 நாட்.

'நாட்' என்றால் முடிச்சு. அந்தக் காலத்தில் மாலுமிகள் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். மரத்துண்டு நின்ற இடத்தில் நிற்க, கப்பல் முன்னே போகும், கயிறு ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி ஓடும் மணற்கடிகையைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்தது என்று எண்ணுவார்கள். ஐந்து முடிச்சு என்றால் மணிக்கு ஐந்து கடல் மைல். ஒரு கடல் மைல் 1852 மீட்டர். ஆகவே 13 நாட் என்பது மணிக்கு 24 கிலோமீட்டர். நம் மோட்டார் சைக்கிளே அதைவிட வேகமாகப் போகுமே என்பீர்கள்! உண்மைதான். ஆனால் கப்பல் உறங்காது. இரவு முழுதும் ஓடும்.

அந்த மரத்துண்டைப் பற்றி ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அது நின்ற இடத்தில் நின்றது என்றேன். தண்ணீரே ஓடிக்கொண்டிருந்தால்? மரத்துண்டும் அதனோடு மிதந்து போகுமல்லவா? அப்படியானால் முடிச்சு காட்டிய வேகம் தண்ணீரின் மேல் கப்பலின் வேகமே தவிர, கரையிலிருந்து பார்க்கும் வேகம் அன்று. இன்று இரண்டையும் தனித்தனியே அளக்கிறார்கள். அடிப்பகுதியில் உள்ள கருவி நீரின் மேல் செல்லும் வேகத்தைச் சொல்லும். துணைக்கோள் வழி வரும் கணக்கு பூமியின் மேல் செல்லும் வேகத்தைச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நீரோட்டம் ஒளிந்திருக்கிறது.

நம் வாசலில் ஓடும் நீர்

கேரித்தீவிலும் கோலசிலாங்கூர்க் கரையோரத் தோட்டங்களிலும் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. செம்பனைக் காட்டைக் காக்கும் அணைக்கரையின் மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை அங்கே கடல்தான் சொல்கிறது. நாளுக்கு இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்று. கிள்ளான் துறைமுகத்தில் பெருவெள்ளக் காலத்தில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே ஏறத்தாழ 4 மீட்டர் வித்தியாசம் உண்டு. அவ்வளவு நீரும் மலாக்கா நீரிணை வழியே வந்து போக வேண்டும். அந்தப் போக்குவரத்துதான் மாறி மாறித் தள்ளும் ஓட்டம்.

அதற்கும் மேலே இன்னோர் ஓட்டம் உண்டு. நீரிணையின் தெற்கு வாயிலில் கடல் மட்டம் சற்று உயர்ந்தும், வடக்கே அந்தமான் கடல் பக்கம் சற்றுத் தாழ்ந்தும் இருப்பதால், கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டு முழுதும் நீர் வடமேற்கு நோக்கியே போகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அது இன்னும் வலுக்கும். கிள்ளானிலிருந்து பினாங்கு போவோருக்கு அது துணை. திரும்பி வருவோருக்கு எதிர்.

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? கிள்ளானிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 180 கடல் மைல். 13 நாட் வேகத்தில் போனால் பதினான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஓட்டம் ஒரு நாட் துணை செய்தால் பதின்மூன்று மணிக்கும் குறைவு. அதே ஒரு நாட் எதிர்த்தால் பதினைந்து மணி. போக்குக்கும் வரவுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்! அந்த ஒரு நாட்டை இயந்திரத்தைக் கொண்டே பெறுவதானால், ஏறத்தாழக் கால் பங்கு சக்தி கூடுதலாக வேண்டும். வேகம் சிறிது ஏறினாலும் நீரின் எதிர்ப்பு அதைவிடக் கூடுதலாக ஏறுவதே காரணம். தாமதமாக வருபவருக்காகக் கப்பல் ஒரு மணி நேரம் காத்திருந்தால், இரவெல்லாம் அத்தனை எண்ணெய் எரிய வேண்டும். கப்பல் ஏன் காத்திருப்பதில்லை என்பது இப்போது புரிகிறதா?

ஓட்டம் பக்கவாட்டிலும் தள்ளும். ஆற்றைக் கடக்கும் சம்பான்காரரைக் கவனித்திருப்பீர்கள். எதிர்க்கரைத் துறைக்கு நேராகப் படகை விடமாட்டார். சற்று மேலே குறிவைப்பார். ஆறு அவரைத் துறையில் கொண்டு சேர்க்கும். பெரிய கப்பலின் தலைவர் செய்வதும் அதேதான்.

கேளாதவர் பட்ட பாடு

அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் 'வளைகுடா ஓட்டம்' என்ற பெரும் நீரோட்டம் உண்டு. 1769-ஆம் ஆண்டு வாக்கில், இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வரும் அஞ்சல் கப்பல்கள் சாதாரண வணிகக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதமாக வருவதேன் என்ற கேள்வி எழுந்தது. அஞ்சல் துறைப் பொறுப்பிலிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், தம் உறவினரான திமோத்தி போல்ஜர் என்ற கப்பல் தலைவரைக் கேட்டார். திமிங்கிலம் பிடிப்போர் அந்த ஓட்டத்தின் விளிம்பையெல்லாம் அறிவார்கள். "எதிர் நீரில் நிற்கிறீர்கள், விலகிப் போங்கள்" என்று அஞ்சல் கப்பல் தலைவர்களிடம் அவர்கள் சொல்லியும் பார்த்தார்களாம். சாதாரண மீன்பிடிப்பவர் பேச்சைக் கேட்க அந்தத் தலைவர்களுக்கு மனம் வரவில்லை. போல்ஜர் சொன்னதைக் கொண்டு பிராங்க்ளின் வரைபடமே அச்சிட்டார். அதையும் வெகு காலம் மதிக்கவில்லை. கையால் உழைத்துக் கற்றவன் சொல்லுக்கு எங்கேயும் இதே கதிதான் போலும்!

வங்கக் கடலில் பத்து மணி நேரம்

இரவு மேல்தளத்தில் பாட்டி நெடுநேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாத்தியாரே, கப்பல் ஓடுதா, கடல் ஓடுதா?" என்று கேட்டார். இரண்டும் ஓடுகின்றன என்றேன்.

இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பருவக்காற்றோடு அதன் வடபகுதி ஓட்டங்கள் திசையையே மாற்றிக்கொள்ளும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இலங்கைக்குத் தெற்கே நீர் கிழக்கு நோக்கிப் போகும். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கித் திரும்பும். பாய்மரக் காலத்தில் நம் முன்னோர் காற்றுக்குக் காத்திருந்து கடாரம் வந்து போனதும் இதை அறிந்துதான்.

சென்னையிலிருந்து பினாங்கு சுமார் 1300 கடல் மைல். 12 நாட் வேகத்தில் நிற்காமல் ஓடினாலும் நான்கரை நாள். ஒரு நாட் எதிர் ஓட்டம் வழி நெடுக இருந்தால் பத்து மணி நேரம் கூடும். குளிரூட்டிய அறையில் இருப்பவருக்குப் பத்து மணி நேரம் ஒன்றுமில்லை. வெயிலிலும் சாரலிலும் பாயில் கிடந்தவருக்கு, கைப்பிள்ளையோடு வந்த தாய்க்கு, அது எவ்வளவு நீளம்! தோட்டத்துக்கு வந்து சேர்ந்த நம்மவர் கதையைச் சொல்லும்போது அந்தப் பத்து மணி நேரத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

விடியற்காலையில் கப்பல் பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையைச் சுற்றியது. 1883-இல் கட்டிய மூக்கா முனைக் கலங்கரை விளக்கம் அங்கே தெரியும். தெற்கு வழியில் பாலம் இருப்பதால் உயரமான கப்பல்கள் வடக்கு வழியாகவே வருகின்றன. தூரத்தில் கெடாவின் ஜெராய் மலை நீல நிறத்தில் எழுந்து நின்றது. கடாரம் தேடி வந்த பழைய மாலுமிகளுக்கும் அந்த மலைதான் அடையாளம்.

பாட்டி அதைக் காட்டி, "எங்கம்மா இதைப் பார்த்துத்தான், வந்துட்டோம் புள்ளைங்களான்னு சொன்னாங்க" என்றார். பிறகு தன் தட்டிலிருந்த இட்லியைச் சாப்பிடத் தொடங்கினார்.

நண்பர்களே! வாய்ப்புக் கிடைத்தால் நீங்களும் போய் வாருங்கள். பிள்ளைகளிடம் கப்பலின் வேகத்தை மணிக்கு ஒரு முறை குறித்து வரச் சொல்லுங்கள். ஒரே இயந்திரம், ஒரே இரவு. எண்கள் மட்டும் ஏறி இறங்குவதை அவர்களே காண்பார்கள். கடல் ஓடுவதைக் கண்ணால் பார்த்ததாகவே ஆகும்.