முதல் இரண்டு நாளின் விலை

பாரிஸுக்குக் கிளம்புகிறவர்கள் விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் முடித்த பிறகு கடைசியாக வந்து நிற்கிற கேள்வி, மியூசியம் பாஸ் வாங்குவதா வேண்டாமா என்பது. ஐம்பது இடங்களுக்கு ஒரே சீட்டு. 48 மணி, 96 மணி, 144 மணி என்று மூன்று வகை. பெரும்பாலோர் இதை முடிவு செய்யும் முறை எனக்குத் தவறாகப் படுகிறது. பாஸில் அடங்கிய இடங்களின் பட்டியலை எடுத்து, தெரிந்த பெயர்களை எல்லாம் டிக் அடித்து, தனி டிக்கெட் விலைகளைக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை பாஸின் விலையைத் தாண்டியதும் லாபம் என்று வாங்கிவிடுகிறார்கள். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பட்டியலே பாஸைப் பார்த்த பிறகு பிறந்தது. பாஸ் என்ற ஒன்றே இல்லாவிட்டால் கைக்காசு கொடுத்து எந்தெந்த வாசலுக்குள் நுழைந்திருப்போம் என்று முதலில் எழுத வேண்டும். அதை மட்டும் கூட்டிப் பார்த்தால்தான் அது கணக்கு.

2024 விலைகளை வைத்துப் பார்ப்போம். 48 மணி பாஸ் 62 யூரோ, 96 மணிக்கு 77, 144 மணிக்கு 92. தனி டிக்கெட் லூவருக்கு 22, ஓர்சே அருங்காட்சியகத்துக்கு 16, வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்குப் பேர்போன சாந்த் ஷப்பல் தேவாலயத்துக்கு 13. மூன்றும் சேர்ந்து 51தான். மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் இருக்கும் ஓரஞ்சரிக்கு 12.50 சேர்த்தால் 63.50. அதாவது இரண்டு நாளில் நான்கு பெரிய இடங்களை முடித்தால் மிச்சம் ஒன்றரை யூரோ. அதே விலைப்பட்டியலை வேறு விதமாகப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டு நாளுக்கு நாளொன்றுக்கு 31 யூரோ கொடுக்கிறோம்; அடுத்த இரண்டு நாளுக்கு நாளொன்றுக்கு ஏழரைதான். அந்தக் கூடுதல் நாட்களில் வெர்சாய் அரண்மனைக்கு ஒரு பகல் (21 யூரோ), வெற்றி வளைவின் உச்சிக்கு ஒரு மாலை (16) என்று போனாலே ஆறு இடங்களின் தனி விலை 100 யூரோவைத் தாண்டிவிடும். விலை முழுவதும் தொடக்கத்தில் குவிந்திருக்கிறது. ஆகவே அவசரக்காரருக்கு இந்தப் பாஸ் நஷ்டம், நிதானக்காரருக்கு லாபம் என்பது என் முடிவு. ஊர் உலகம் சொல்வது இதற்கு நேர் எதிர்: நாள் குறைவாக இருப்பவர்தான் வாங்க வேண்டும் என்பார்கள்.

நாள் குறைந்தவர் நிறையப் பார்க்க வேண்டியவர்தானே என்று கேட்கலாம். பார்ப்பது என்றால் என்ன என்பதில்தான் சிக்கல். லூவரில் காட்சிக்கு வைத்திருப்பவை மட்டும் ஏறத்தாழ 35,000. ஒரு பொருளுக்கு ஒரு நிமிடம், நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று நின்றாலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். சாந்த் ஷப்பல் சின்னக் கட்டடம். அதன் 15 சன்னல்களில் 1,113 காட்சிகள். ஓரஞ்சரியின் இரண்டு நீள்வட்டக் கூடங்களில் எட்டே ஓவியங்கள். ஆனால் அவை மெதுவாகப் பார்ப்பதற்கென்றே வளைந்த சுவர்களில் பொருத்தப்பட்டவை. கால் வலிக்கும் முன்பே கண் சலித்துவிடும் என்பது அருங்காட்சியகங்களுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். முழுச் சாப்பாட்டுக்குக் காசு கட்டிவிட்டோம் என்பதற்காக வயிறு பெரிதாகிவிடாது. காலையில் லூவர், மதியத்துக்கு மேல் ஓர்சே என்று ஓடுகிறவர், வான்கோவின் ஓவியத்துக்கு முன்னால் வந்து நிற்கும்போது உட்கார இடம் தேடிக்கொண்டிருப்பார். ஒன்றரை யூரோ மிச்சத்துக்காகப் பறிகொடுத்தது அந்த மாலையை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் நம்மில் பலருக்குப் பாரிஸ் வாழ்நாளில் ஒரு முறைதான்.

வரிசையில் நிற்க வேண்டாமே என்பது அடுத்த வாதம். ஒரு காலத்தில் இதற்காகவே பாஸ் வாங்கலாம் என்ற நிலை இருந்தது. இப்போது லூவர், வெர்சாய், ஓரஞ்சரி, சாந்த் ஷப்பல் நான்குக்கும் பாஸ் இருந்தாலும் நேரம் முன்பதிவு செய்தாக வேண்டும். பை சோதனை வரிசை எல்லோருக்கும் பொது. பாஸ் கையில் இருந்தும் நேரம் கிடைக்காமல் போகலாம் என்பதால், முதலில் நேரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பாஸுக்குப் பணம் கட்டுவதே புத்திசாலித்தனம். கிழமையும் முக்கியம். ஓர்சே, வெர்சாய், ரோதான் அருங்காட்சியகம் மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. லூவர், ஓரஞ்சரிக்குச் செவ்வாய் விடுமுறை. திங்கள் காலையில் தொடங்கும் 48 மணி பாஸ் பாதி செத்த பாஸ். நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு என்பதால் புதன் மதியம் தொடங்கினால் வெள்ளி மதியம் வரை ஓடும்.

யாருக்கு இது தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், தேசிய அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம். தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒரு மாதம் தங்கப் போகிறவர் பாஸ் வாங்குவது வீண். மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சேவும் ஓரஞ்சரியும் இலவசம். பாரிஸ் நகராட்சியின் கார்னவாலே, பெத்தி பாலே போன்ற அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிக்கு என்றுமே கட்டணம் இல்லை. லூவருக்கு மட்டும் ஒரு டிக்கெட் போதும். அந்த ஒரு டிக்கெட்தான் இப்போது கனத்துவிட்டது: 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு லூவர் 32 யூரோ. பாஸின் விலையும் ஏறியிருப்பதால் கிளம்பும் முன் அன்றைய எண்களைப் போட்டு மறுபடி கூட்ட வேண்டும். கூட்டும் முறை மாறாது.

பாஸுக்கு ஆதரவாக நான் முழு மனதோடு ஏற்கும் வாதம் ஒன்றே ஒன்று. தனி டிக்கெட் வாங்கியவர் பிடிக்காவிட்டாலும் காசு வீணாகக் கூடாதே என்று உள்ளேயே சுற்றுவார். பாஸ் வைத்திருப்பவர் அரை மணியில் வெளியே வந்துவிடலாம். ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை நுழைய முடியாது என்பது உண்மை. ஆனாலும் ரோதானின் தோட்டத்தில் சற்று நேரம், க்ளூனி அருங்காட்சியகத்தில் ஒற்றைக்கொம்புக் குதிரை நெய்த திரைச்சீலைகளுக்காக ஒரு மணி நேரம் என்று மனம் போனபடி நுழையும் சுதந்திரம் இருக்கிறது. இந்தச் சுதந்திரம் நான்கு நாள் பாஸில்தான் உண்டு. இரண்டு நாள் பாஸில் அதைக் கடிகாரம் தின்றுவிடும். ஆசியக் கலைகளுக்கான கீமே அருங்காட்சியகமும் இந்தப் பாஸில் அடக்கம். பாரிஸ் போகிறவர்களின் பட்டியலில் அது அநேகமாக இருப்பதில்லை. தனியாக டிக்கெட் எடுத்துப் போகவும் தோன்றாது. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராசர் ஒருவர் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார். நான்காம் நாள் பிற்பகல் பாஸில் இரண்டு மணி நேரம் மிச்சமிருந்து, அன்று செவ்வாய்க்கிழமையாக இல்லாமலும் இருந்தால், யேனா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே வாசல்.