லாம்ப் என்கிற விளக்கு

ஆங்கிலேயர் வால்வு என்றார்கள். அமெரிக்கர் ட்யூப் என்றார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது ‘லாம்ப்’, அதாவது விளக்கு. மூன்றில் பிரெஞ்சுப் பெயர்தான் பொருத்தம் என்பது என் கட்சி. கண்ணாடிக்குள் ஓர் இழை செம்மஞ்சளாகக் கனல்வதைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

1904இல் லண்டனில் ஃபிளெமிங் முதல் வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்கர் டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பியைச் சேர்த்தார். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு அதன் வேலையைச் சொல்வது சுலபம். குளத்து மடையில் பலகையைச் சற்றே அசைத்தால் போதும், வாய்க்காலில் தண்ணீர் கூடும், குறையும். அந்தக் கம்பிதான் பலகை. கித்தாரிலிருந்து வரும் மெல்லிய மின்னோட்டம் அதை அசைக்க, வால்வுக்குள் பாயும் பெரிய ஓட்டம் அதன்படி ஆடுகிறது.

என் வயதுக்காரர்கள் வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். போட்டவுடன் பாடாது, சூடாக வேண்டும். 1947இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்தது, பிறகு வீட்டு ரேடியோக்களில் வால்வுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கித்தார்காரர்கள் மட்டும் அதை விடவில்லை. தாங்கும் அளவை மீறினால் டிரான்சிஸ்டர் ஒலியைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கும். உச்சஸ்தாயியில் பாடகர் குரலில் ஒரு கரகரப்பு சேருமே, அந்த மாதிரி.

இதெல்லாம் என் பேத்தியால் மறுபடி நினைவுக்கு வந்தது. பக்கத்து ஊர் சபையில் பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கிறாள். பழைய பாணியில் செய்த 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று வைத்திருக்கிறாள். ‘கித்தார் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை, இப்படியே போனால் பண்டிகை ஆராதனைக்குக் கித்தார் வேண்டாம்’ என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

“எல்லாரும் கொறைக்கச் சொல்லுதாவ தாத்தா. கொறைச்சா சவுண்டு செத்துப்போவுது” என்றாள்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். வால்வுப் பெட்டி ஓரளவு உழைத்தால்தான் அதன் குணம் வெளிவரும். பெரிய பெட்டி வாங்கினால் சரியாகும் என்று யாரோ சொன்னார்களாம். அது தலைகீழ் யோசனை. 15 வாட்டை 150 ஆக்கினாலும் காதுக்குச் சத்தம் சுமார் இரண்டு மடங்காகத்தான் தெரியும். அந்தப் பெரிய பெட்டியை நம் ஆலயங்களில் ஒன்றரைக்கு மேல் திருக முடியாது; அது சோம்பிக் கிடக்கும்.

நாலு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகப் பார்த்தோம். 1838 முதல் மிஷன் மருத்துவம் நடக்கும் ஊர் நெய்யூர். ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் பார்த்தோம்.

பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் ஒரே சுற்றில் இருப்பவை. ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறும். இந்தப் பழைய பாணியில் அவை எதையும் கூட்டுவதில்லை, கழிக்கத்தான் செய்கின்றன. சம்பளப் பட்டியலில் பிடித்தம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டின் இடது கையும் ஆண்களின் பாஸ் குரலும் இருக்கும் இடத்தில் கித்தாரின் கனத்த ஒலியும் போய் உட்கார்ந்தால் வார்த்தை விளங்காது. பாஸை 6இலிருந்து 3க்கு இறக்கினோம். மிடில் 5, ட்ரெபிள் 6. எதிரொலி தரும் ரிவெர்ப் திருகைப் பூஜ்யத்தில் வைத்தோம்; உயரமான ஆலயத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

பெட்டியின் வால்யூமை 5இல் விட்டோம். வேண்டியபோது கித்தாரில் உள்ள திருகைக் குறைத்தால் ஒலி தெளிகிறது, கூட்டினால் கரகரக்கிறது. காலால் மிதிக்கும் கருவி எதுவும் தேவைப்படவில்லை.

பெரிய மாற்றம் செய்தது திருகு அல்ல, நாற்காலி. தரையில் இருந்த பெட்டி அவள் முழங்காலுக்குப் பாடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்கோட்டில் போகும், முன்வரிசைப் பெரியவர்களின் காதுக்கு. பெட்டியை நாற்காலியில் ஏற்றி அவள் காதை நோக்கிச் சாய்த்தோம். தனக்கே நன்றாகக் கேட்டதும் வால்யூமை அவளாகவே 4க்கு இறக்கினாள்.

வால்வுப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சொல். ஸ்பீக்கரை இணைக்காமல் போடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். பின்பக்கத்தைக் கழற்றாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சில நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

வால்வு தேய்ந்தால் மாற்று வேண்டும். பெங்களூரில் பெல் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வு செய்தது. அந்தப் பழைய சரக்கை இன்று வெளிநாட்டுக் கித்தார்காரர்கள் தேடி வாங்குகிறார்கள்.

போன ஞாயிறு வாசித்தாள். ஆராதனை முடிந்து ஒரு பெரியவர் வந்து, “இன்னைக்கு பாட்டுக்க வார்த்தையெல்லாம் வெளங்கிச்சு” என்றார். கித்தாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பண்டிகைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.