கியர் சைக்கிளும் கோட்டூர் மலையும்

மலைத்தடத்தில் சைக்கிள் விடும் பைத்தியம் 1970-களில் கலிபோர்னியாவில் சூடுபிடித்தது. அங்கே 1976-ல் தொடங்கிய பந்தயத்துக்குப் பெயர் 'ரீபேக்'. ஒருமுறை இறங்கினாலே பிரேக்கில் இருக்கும் கிரீஸ் கருகிவிடும், திரும்ப அடைக்கணும். அதான் பெயர்க்காரணம்!

நம்ம தருமபுரியில் வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆனால் அது தார்ரோடு. காட்டுத்தடம் என்றால் கோட்டூர் மலை. ரோடு இல்லாததால் 2021 தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரமே கழுதைமேல்தான் போனது. சைக்கிள்காரருக்கு அது சாகசம். ஊர்க்காரருக்கு ஆஸ்பத்திரிக்கு இறங்கவும் அப்போது அதே தடம்தான்.

இன்னொரு சிக்கல். 2022-ல் தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் 686 சதுர கி.மீ. காவிரி தெற்கு சரணாலயம் ஆனது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேணும். சைக்கிளோ சத்தமில்லாமல் வரும். வளைவில் நிற்கிற யானையிடம் மணி அடித்து சைடு கேட்கவா முடியும்? :)